யானையின் உடலும் வன்னியின் வரலாறும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதன் குளங்களைப் பற்றி எழுதினர்; பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுக்களையும் அவற்றை ஆண்ட வன்னியரையும் பற்றி எழுதினர்; 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவைக் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் கற்சிலைமடுவில் முறியடிக்கப்பட்ட பண்டாரவன்னியனைப் பற்றிப் பெரிதும் எழுதினர். வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர் என்ற செய்தியும் அவ்வெழுத்துக்களிற் காணப்படாமலில்லை. ஆயினும், அங்கு யானையானது பாக்கு, தேன், மெழுகு என்பவற்றோடு சேர்த்தெண்ணப்படும் ஒரு பண்டமாகவே நின்றுவிடுகின்றது.

பாக்கு மூட்டையை மாட்டின் முதுகிலேற்றி எங்கும் கொண்டு செல்லலாம். யானையை எதன் முதுகில் ஏற்றுவது? அது தன் காலால் நடந்தே சந்தைக்குச் செல்ல வேண்டும். எனவே, அதன் உடல் எதனைச் செய்ய வல்லது, எதனைச் செய்யமாட்டாதது என்பதுவே அதனைப் பிடிக்கும் முறையையும், நடத்திச் செல்லும் வழியையும், விலையையும், ஏற்றும் கலத்தையும் வகுத்தது. வன்னியின் யானை வாணிக வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமுன் அவ்விலங்கின் காலைச் சற்று உற்றுநோக்குதல் நன்று.

1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டில், அவர்தம் தாய்நாட்டு நகரான லெய்டனில், கலிலியோ தமது முதுமையில் எழுதிய இரு புதிய அறிவியல்கள் பற்றிய உரையாடல் நூல் அச்சேறிற்று. உடலின் பருமன் பற்றிய அடிப்படை நியதி அந்நூலிலேதான் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது. ஓர் உடல் வடிவம் மாறாமல் நீளத்தில் இரு மடங்காகுமாயின், அதன் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். பாரமோ எட்டு மடங்காகும். எலும்பின் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே, பெரிய விலங்கு சிறியதன் பெருப்பித்த படியாக இருத்தல் இயலாது. அதன் எலும்பு விகிதத்துக்கு மீறித் தடித்தாக வேண்டும். அல்லது அதன் நடை மாறியாக வேண்டும். உரையாடுவோரில் ஒருவர் இதற்கு மறுப்புக் கூறுகிறார்: திமிங்கிலம் பத்து யானைக்குச் சமமான பருமன் உடையதாமே, அது எவ்வாறு தன்னைத் தாங்குகிறது? நீரே அதன் பாரத்தைத் தாங்குகிறது என்பது விடை.

முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தெற்கே, திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் நீலத் திமிங்கிலம் உலாவுகின்றது. முப்பது மீற்றர் வரை நீளமும் நூறு தொன்னுக்கு மேற்பட்ட பாரமும் கொண்ட அவ்வுடலுக்குக் காலே வேண்டியதில்லை. ஆனால், கரையில் ஒதுங்கினால் அதன் பாரமே அதன் நெஞ்சை அமுக்கிவிடும். இதற்கு நேர்மாறானது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ரீங்காரச் சிட்டு. கியூபாவிலுள்ள மிகச் சிறிய இனம் இரண்டு கிராமுக்குட்பட்ட நிறையுடையது. சிற்றினங்கள் விநாடிக்கு எண்பது முறை வரை சிறகடித்து, அந்தரத்தில் நின்றபடியே தேனை உறிஞ்சும். அவ்வினத்துள்ளேயே பெரியதாகிய, இருபது கிராம் அளவு நிறையுள்ள சிட்டின் சிறகடிப்பு விநாடிக்குப் பதினைந்தளவிற் குறைந்துவிடுகிறது. வன்னியிலே முருங்கைப் பூவை நாடிவரும் தேன்சிட்டு அச்சிட்டின் உறவினம் அன்று. அது பெரும்பாலும் கிளையைப் பற்றியமர்ந்தே உண்ணும். இதயத் துடிப்பிலும் இவ்வேறுபாடு காணப்படும். ரீங்காரச் சிட்டின் இதயம் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் துடிக்க, ஆழத்தில் மூழ்கிய நீலத் திமிங்கிலத்தின் இதயம் நிமிடத்துக்கு இரு முறை வரை தாழ்ந்து துடித்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

காற்றும் நீரும் இவ்வாறு இரு முனைகளிலும் துணைநிற்க, யானை நிலத்திலே தன்னந்தனியாகத் தன் பாரத்தைச் சுமக்கிறது. மூன்று தொன், நான்கு தொன் நிறையுள்ள உடலைத் தாங்கும் பொருட்டு அதன் கால்கள் தூண்போல நேராக நிற்கின்றன. குதிரையின் காலைப் போல மடிந்து விரிந்து உந்துவதற்கு ஏற்ற அமைப்பு அதற்கில்லை. இத்தோற்றமே, யானையின் காலில் மூட்டு இல்லை, அது மரத்திற் சாய்ந்தே உறங்கும் என்ற பழங்கதைக்கு ஐரோப்பாவில் இடமளித்தது. அரிஸ்டோட்டில் அதனை மறுத்திருந்தும் அக்கதை பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. யானை மண்டியிடுவதை நாள்தோறும் கண்டுவந்த நம்மவர் இக்கதையைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பர்.

2003ஆம் ஆண்டில் ஹச்சின்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் தாய்லாந்திலே 42 ஆசிய யானைகளை விரைந்து செல்லத் தூண்டி அளந்தனர். அவற்றின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். அவ்வேகத்திலும் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழவில்லை. மனிதனைத் துரத்திப் பிடிக்கப் போதிய வேகம் அது. எனினும் பாய்ச்சல் அன்று. யானை குதிக்கமாட்டாது. எலியொன்று ஆழ்சுரங்கத்தில் வீழ்ந்தாலும் எழுந்து ஓடிவிடும், குதிரை சிதறிப்போகும் என்று ஹோல்டேன் 1926இல் எழுதினார். கிளிநொச்சிப் பகுதியிலே ஆனைவிழுந்தான் என்றோர் ஊர் உண்டு. எலி விழுந்தமையால் எந்த ஊரும் பெயர் பெற்றதாகத் தெரியவில்லை.

இவ்வுண்மைகளை எண்களால் அறியாவிடினும் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தோர் பணிக்கர். வன்னியிலுள்ள பணிக்கன்குளம், பணிக்கநீராவி ஆகிய ஊர்ப்பெயர்கள் அவர்தம் தொழிலை நினைவூட்டுவன எனக் கொள்ள இடமுண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராகப் பணிபுரிந்த எமர்சன் ரெனன்ற், இவர்கள் வடக்கிலும் வடமேற்கிலுமுள்ள முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தோர் என எழுதுகிறார். பெருங்கூட்டமாகச் சென்று மரவேலிப் பட்டிக்குள் யானைகளைத் துரத்தி அடைப்பது ஒரு முறை. அதற்கு நூற்றுக்கணக்கானோர் வேண்டும். பணிக்கர் முறைக்கு இருவர் போதும். மான் தோலாலோ எருமைத் தோலாலோ முறுக்கிய வார்க்கயிற்றை ஏந்தி, காற்றெதிராக, ஓசையின்றி அவர்கள் யானையை நெருங்குவர். நின்றபடியே காலை முன்னும் பின்னுமாக ஆட்டுவது யானையின் இயல்பு. அப்படி ஆடும் பின்னங்காலிற் சுருக்கை மாட்டிவிட்டு, மறுமுனையை மரமொன்றிற் சுற்றிவிடுவர்.

இம்முறையின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மானுக்கு இவ்வாறு சுருக்கிட்டால் அது துள்ளித் திமிறிக் கயிற்றை அறுக்கும் அல்லது தன் காலையே முறித்துக்கொள்ளும். யானையோ ஒரு காலை இழந்தவுடன் எஞ்சிய மூன்றின்மீது தன் பெரும்பாரத்தை நிலைநிறுத்தியாக வேண்டும்; எழும்பித் துள்ள அதனால் இயலாது. ஈர்க்கும் வலிமை அதற்குண்டு, உதறும் விரைவு இல்லை. அந்த இடைவெளிக்குள்ளேயே மற்றக் காலும் கட்டப்படுகிறது. பேருடலின் குறையை ஒரு முழக் கயிற்றினால் தொட்டுக் காட்டிய இவ்வறிவு எந்நூலிலும் எழுதப்படாமற் போனது பேரிழப்பேயாகும்.

பிடித்த யானைக்கு விலை குறிக்கும் முறையும் அதன் உடலினின்றே பிறந்தது. ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மஸ் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர், இலங்கை மன்னன் யானைகளை நிலத்திலிருந்து உயரம் அளந்து, முழத்துக்கு இவ்வளவு பொன் என வாங்குகிறான் என்று குறித்துள்ளார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் வந்த ஒல்லாந்தரும் முழக்கணக்கில் உயரம் அளந்தே விலை மதித்தனர். இலங்கை யானைகளுள் மிகச் சிலவற்றுக்கே தந்தமுண்டாதலின், உயரமே பெரும்பாலும் மதிப்பாயிற்று. நேராக நிற்க மறுக்கும் யானையை அளப்பதற்கும் ஒரு வழி இருந்தது. முன்னங்காற் பாதத்தின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் கிடைக்கும். இன்றும் காட்டிற் பதிந்த சுவட்டைக்கொண்டு இக்கணக்குப் பயன்படுத்தப்படுகிறது.

கலிலியோவின் நியதியை இவ்விலையோடு பொருத்திப் பார்த்தல் சுவையானது. ஐந்து முழ யானைக்கும் ஆறு முழ யானைக்கும் உயரத்தில் ஐந்திலொரு பங்கே வேறுபாடு. பாரத்திலோ ஏறத்தாழ முக்காற் பங்கு கூடுகிறது. ஆனால், 1932இல் கிளைபர் கண்ட விதியின்படி, உடலின் சக்தித் தேவை பாரத்தோடு சமமாக ஏறுவதில்லை. ஆறு முழ யானைக்கு வேண்டிய உணவு ஏறத்தாழ அரைப்பங்கே கூடும். அதாவது, பாரத்துக்கு ஒப்பிடுகையிற் பெரிய யானையே மலிவானது. முழத்துக்குச் சீராக விலை பேசியவன், பெரிய யானையை வாங்கினால் விற்றவனிலும் நல்ல வாணிகனாக இருந்திருப்பான்.

திறையாகவும் விலைக்கும் பெற்ற யானைகள் வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டன. 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஸ்வார்டகுறூன் விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பில் இவ்வாணிகத்துக்குப் பேரிடம் அளிக்கப்பட்டுள்ளது. கொல்கொண்டா முதலிய இடங்களிலிருந்து வணிகர் யாழ்ப்பாணம் வந்து அவற்றைக் கொண்டனர். இந்நடையும் எளிதன்று. யானை நாளொன்றுக்கு நூறு கிலோகிராமுக்கு மேலாக உண்ணும். அதே அளவு லீற்றர் நீர் பருகும். பேருடலுக்குக் கனவளவு மிகுதி, தோற்பரப்புக் குறைவு. வியர்வைச் சுரப்பியும் அரிது. உள்ளே பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகையாற் கோடை வெயிலிலே குளத்துக்குக் குளம் தங்கி, நீராட்டி, காலையும் மாலையுமே நடத்தியிருத்தல் வேண்டும். நெல்லுக்காக வெட்டிய குளங்கள் யானை வாணிகத்துக்கும் தங்குமடங்களாயின எனலாம்.

அந்நெடுவழியின் இறுதியில் இருந்தது பரவைக் கடல். வண்டிக்கும் படைக்கும் இடையூறாய அவ்வாழமற்ற நீர்ப்பரப்பு யானைக்கு இடையூறன்று. அகன்ற பாதத்தின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை பாரத்தைப் பரப்பிவிடுகிறது. நீர் ஆழமானால் உடல் மிதக்கிறது. துதிக்கை மேலே மூச்சுக்குழலாகிறது. கலிலியோ திமிங்கிலத்துக்குக் கூறிய விடை அவ்விடத்தில் யானைக்கும் பொருந்திவிடுகிறது. யானைகள் இறங்கிக் கடந்த துறை என்பதே ஆனையிறவு என்னும் பெயருக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். ஒல்லாந்தர் அங்கே சிறு கோட்டையொன்றை அமைத்ததும் அவ்வழியின் பெறுமதியை உணர்ந்தேயாம். பிற்காலத்தில் அத்துறைக்காக எத்துணை உயிர்கள் மடிந்தன என்பது அனைவரும் அறிந்த துயர்.

பின் கப்பல். ஊர்காவற்றுறைக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரே யானைத்துறை என்னும் பொருளுடையது. கயிற்ஸ் என்பது அதன் சிதைவு. ஆனால், யானையைக் கலத்தில் ஏற்றும் இடர் அவர்களுக்கு முற்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் உடைந்த மரக்கலங்களுக்கு விதி கூறுகிறது. பிற சரக்குக் கொண்டுவந்த கலம் கெட்டால் பாதி அரச பண்டாரத்துக்கு; யானை, குதிரை கொண்டுவந்த கலம் கெட்டால் கால்வாசியே பண்டாரத்துக்கு, முக்கால்வாசி உடையவனுக்கு. உயிருள்ள பெரும்பாரம் கலத்தின் ஒரு பக்கம் சாய்ந்தால் விளைவது என்ன என்பதை அச்சட்டத்தை வகுத்தோர் அறியாதவர் அல்லர்.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. போர்க்களத்திற் பீரங்கிக்கும் பாதையில் இயந்திரத்துக்கும் முன் யானையின் பருமன் பயனிழந்தது. கொள்வாரற்ற பேருடல் வயலை மிதிக்கும் பேருடலாக மட்டும் எஞ்சிற்று. அரசு அதன் தலைக்குப் பரிசு வைத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளைக் கொன்றதற்காகப் பரிசு கோரப்பட்டதென்று ரெனன்ற் எழுதியுள்ளார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் காணப்பட்டவை 5,879 என்பதனோடு இதனை ஒப்பிட்டால் அவ்வழிவின் அளவு புலனாகும். திறைக்கணக்கிலே யானைக்கு ஒரு வரி உண்டு. கொலைக்கணக்கிலும் ஒரு வரி உண்டு. இரண்டிற்கும் இடையே, அதன் உடலை அறிந்திருந்த பணிக்கரின் தொழிலும் அழிந்தது.

2009இற் போர் முடிந்தபின் மீள்குடியேறிய மக்கள் காடேறிக் கிடந்த வயல்களைத் திருத்தியபோது, பழைய வழிகளில் யானைகள் நடமாடிக்கொண்டிருந்தன. பேருடல் ஒரே காட்டில் தங்கிப் பசியாறமாட்டாது. நடப்பதே அதன் வாழ்வு. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைச்சலை இழக்கும் உழவனுக்கு இவ்விளக்கம் ஆறுதல் ஆகாது என்பதும் உண்மையே. மின்வேலி இடப்பட்டது, கொம்பன் யானை மின் கடத்தாத தன் தந்தத்தினாற் கம்பத்தைச் சாய்த்துச் செல்லக் கற்றுக்கொண்டது. 2015இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டிற் செட்டிகுளப் பகுதியிற் குட்டியும் தாயுமாக யானைகள் புகையிரதத்தில் மோதி இறந்தன. மேடிட்ட தண்டவாளத்தில் நிற்கும் மான் ஒரு துள்ளலில் விலகிவிடும். துள்ளமாட்டாத விலங்குக்குத் தண்டவாளத்தின் வழியே ஓடுவதன்றி வேறு வழி பெரும்பாலும் கிட்டுவதில்லை. அதன் உச்ச வேகமோ முற்கூறிய மணிக்கு 25 கிலோமீற்றரே.

நீர் மட்டும் இன்னும் பழைய நண்பனாகவே இருக்கின்றது. யானைகள் 48 கிலோமீற்றர் வரை நீந்தக்கூடும் என்பதை 1980இல் டொனால்ட் ஜோன்சன் என்னும் ஆய்வாளர் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார்; திருகோணமலைத் துறைமுகத்திலுள்ள தீவொன்றுக்குத் தாயும் கன்றும் நீந்திச் சென்றமையும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. 2017 யூலையில், முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்னெல்லையிலுள்ள கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கடல் மைல் தொலைவில், துதிக்கையை மட்டும் நீர்மேல் உயர்த்தியவாறு நீந்திக்கொண்டிருந்த ஒரு யானையைக் கடற்படையினர் கண்டனர். களப்பைக் கடக்கையில் நீரோட்டம் அதனை இழுத்துச் சென்றிருத்தல் கூடும் எனக் கருதப்பட்டது. சுழியோடிகள் நீரில் இறங்கி அதன் உடலிற் கயிறு கட்டினர். படகுகள் பல மணிநேரம் மெல்ல இழுத்துவர, ஆழம் குறைந்த இடத்தில் அது கால் ஊன்றி நடந்து கரையேறிற்று.