டெஸ்லா ஊரில் எத்தனை பேர்?

நல்ல குளிர்காலத்து சாயங்காலம். மூன்று வயசுப் பையன் ஒருவன் வீட்டுப் பூனையின் முதுகைத் தடவுகிறான். கை பட்ட இடமெல்லாம் படபடவென்று பொறி பறக்கிறது! அப்பா பார்த்துவிட்டு, ‘மின்சாரம்தான், வேறொன்றும் இல்லை. புயலடிக்கும்போது மரத்தில் தெரியுமே, அதேதான்’ என்கிற மாதிரி விளக்கம் சொன்னார். அம்மாவுக்கு வேறு கவலை. பூனையை விடு, வீடு பற்றிக்கொள்ளப் போகிறது என்று அதட்டினாள்.

பையன் பெயர் நிகோலா டெஸ்லா. சுவிட்சைப் போட்டதும் நம் வீட்டு ஃபேன் சுற்றுகிறதே, அந்த மாதிரி ஏ.சி. மோட்டார்களுக்கு வழிவகுத்த மனிதர். எண்பது வயது தாண்டிய பிறகும் அந்தப் பூனையை மறக்காமல், 1939-ல் ஒரு சிறுமிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

பூனை, பையன், பொறி எல்லாம் இருந்த ஊர் ஸ்மில்யான். குரோஷியாவில், கடலை ஒட்டி மதில் மாதிரி நிற்கும் வெலெபிட் மலைக்கு அந்தப் பக்கம், லிகா என்ற பிரதேசத்தில் இருக்கிறது. பக்கத்து டவுன் கோஸ்பிச். 2011 கணக்கெடுப்பில் ஸ்மில்யானின் மக்கள்தொகை 418. நம்மூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம்!

ஆனால், இந்தச் சின்னத் தலைக்கணக்குக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

லிகா பிரதேசம் 16-ம் நூற்றாண்டில் துருக்கியர் கைக்குப் போனது. 1689-ல் ஹாப்ஸ்பர்க் படைகள் மீட்டன. மீட்டது சரி, ஆள் வேண்டாமா? கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். வியன்னா அரசு அவர்களோடு ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொண்டது. ‘நிலத்தை எடுத்துக்கொள், உனக்கு ஜமீன்தார் கிடையாது. ஆனால், கூப்பிட்ட நேரத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்க வேண்டும்.’ ராணுவ எல்லைப்பகுதி என்று இதற்குப் பெயர். ஊரே பாதி விவசாயி, பாதி சிப்பாய். இந்த ஏற்பாடு 1881 வரை நீடித்தது.

இரண்டு பிரிவினரும் பேசியது கிட்டத்தட்ட ஒரே மொழி. சாப்பிட்டது ஒரே சாப்பாடு. சிலுவை போடும் விதமும் பண்டிகை நாள்காட்டியும்தான் வேறு. 19-ம் நூற்றாண்டில் தேசியவாதம் வந்ததும், ஆர்த்தடாக்ஸ் என்றால் செர்பியன், கத்தோலிக்கன் என்றால் குரோஷியன் என்று கோடு கெட்டியாகிவிட்டது. கோயில் வித்தியாசம் இன வித்தியாசமாக மாறியது இப்படித்தான்.

டெஸ்லாவின் அப்பா மிலுடின், ஸ்மில்யானின் ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். 1856 ஜூலை 10-ம் தேதி நிகோலா பிறந்தது அந்தச் சர்ச்சை ஒட்டிய வீட்டில். 1862-ல் குடும்பம் கோஸ்பிச்சுக்கு மாறியது. 1884-ல் டெஸ்லா அமெரிக்காவுக்கே போய்விட்டார். ஊர் அங்கேயே இருந்தது.

1941 ஏப்ரலில் ஹிட்லரும் முசோலினியும் யூகோஸ்லாவியாவைப் பிய்த்துப் போட்டார்கள். குரோஷியாவில் உஸ்தாஷா என்ற பாசிசக் கூட்டம் பதவிக்கு வந்தது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள் என்று வரிசையாக ஒழித்துக்கட்டுவதுதான் அவர்கள் திட்டம். கோஸ்பிச்சுக்குப் பக்கத்து மலையிலேயே யாடோவ்னோ என்ற கொலை முகாம் திறந்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஸ்மில்யானுக்கும் வந்தார்கள். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 500 செர்பியர்கள் கொல்லப்பட்டார்கள். மிலுடின் பூசை செய்த சர்ச் எரிந்தது.

இன்னொரு முறை படியுங்கள். கொல்லப்பட்டவர்கள் 500. எழுபது வருஷம் கழித்து ஊரின் மொத்த ஜனத்தொகை 418.

டெஸ்லா அப்போது நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் முதுமையோடு இருந்தார். 1943 ஜனவரி 7-ம் தேதி இறந்துபோனார்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1991-ல் யூகோஸ்லாவியா உடைந்து மறுபடி போர். செர்பியப் படைகள் பிடித்த பகுதிகளிலிருந்து குரோஷியர்கள் ஆயிரக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் கோஸ்பிச்சில், பெரும்பாலும் செர்பியர்களான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக குரோஷிய ராணுவ அதிகாரி மிர்கோ நோராட்ஸுக்கு குரோஷிய நீதிமன்றமே 2003-ல் 12 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்தது. கோஸ்பிச்சில் இருந்த டெஸ்லா சிலையையும் விடவில்லை. 1992-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பல்பு எரிய வைத்தவருக்கு வெடிமருந்து!

1991-ல் குரோஷியாவில் செர்பியர்கள் 5,81,663 பேர், மக்கள்தொகையில் 12 சதவிகிதம். 2021-ல் 1,23,892 பேர், 3 சதவிகிதம்தான். பிழைப்பு தேடி குரோஷிய இளைஞர்களும் வெளியே போகிறார்கள். பரப்பளவில் நாட்டிலேயே பெரிய மாவட்டமான லிகா-சென்யில், 2021-ல் இருந்தவர்கள் 43 ஆயிரத்துக்கும் குறைவு.

ஆள் குறையக் குறைய, டெஸ்லாவுக்கு மட்டும் கிராக்கி ஏறியது. 2006-ல், அவருடைய 150-வது பிறந்தநாளில், எரிந்துபோன வீட்டையும் சர்ச்சையும் புதுப்பித்து நினைவு மையம் திறந்தார்கள். இரண்டு நாட்டு ஜனாதிபதிகளும் வந்தார்கள். பெல்கிரேடு விமான நிலையத்துக்கு செர்பியா அவர் பெயரை வைத்தது. அங்கே நூறு தினார் நோட்டிலும் அவர்தான். 2021-ல், யூரோ நாணயத்தில் டெஸ்லா முகம் போடப்போகிறோம் என்று குரோஷியா சொன்னதும், ‘எங்கள் ஆளை நீ எப்படிப் போடலாம்?’ என்று செர்பியாவின் மத்திய வங்கி கோபப்பட்டது. 2023 ஜனவரி முதல் 10, 20, 50 சென்ட் நாணயங்களில் டெஸ்லா சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஆளுக்கு இரண்டு வீட்டில் உரிமைச் சண்டை. இருக்கட்டும். அவர் வளர்ந்த தெருவில் பூனையைத் துரத்தி விளையாடிய மற்ற பிள்ளைகளின் பேரன் பேத்திகள், 1941 ஆகஸ்டில் அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் முகத்தை எந்த நாணயத்தில் போடுவது?