நிறம் போனது, உப்பு போகவில்லை

திருப்பூரில் சாயக்கழிவு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். பீக்கரில் கருஞ்சிவப்புத் தண்ணீர். அதில் கொஞ்சம் கரித்தூள். கலக்கி வடிகட்டினால் குடிக்கலாம் போலத் தெளிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில் கைதட்டாத குறைதான். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் மட்டும், முன்பு காட்டிய எண்ணையே ஏறக்குறையக் காட்டும்.

கரியின் இந்த வித்தை பழையது. 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருந்தாளர் தோபியாஸ் லோவிட்ஸ், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலைக் கரியால் தெளியவைத்தார். பிறகு சர்க்கரை ஆலைகள் மரக்கரியிலும் எலும்புக்கரியிலும் பாகை வெளுத்தன. 1900ஐ ஒட்டி, கரியை நீராவியில் சுட்டு நுண்துளைகளைத் திறக்கும் முறைக்கு ரஃபேல் ஆஸ்ட்ரேய்கோ காப்புரிமை பெற்றார். நாம் பயன்படுத்தும் கிளர்வூட்டிய கரி அங்கிருந்து வந்தது.

எங்களுக்குக் கரி தேடி தூரம் போக வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரி எடுப்பது பெரிய தொழில். ஆனால் தொட்டிக்கரியின் துளைகள் மிகச் சிறியவை. குடிநீர் வடிகட்டிக்கும் தங்கம் பிரிக்கவும் அது அருமை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் பெரிய மூலக்கூறு அதற்குள் நுழையத் திணறும். அதற்கு மரக்கரியோ பழுப்பு நிலக்கரியில் செய்ததோ தேவை. விலையும் இடித்தது. அதனால் பல இடங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைச் சேறாக இறக்கினார்கள்.

எப்படி இறக்கினாலும் உப்பு அப்படியே நின்றது. பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டித் தண்ணீரில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கரைக்க வேண்டும். அது முழுக்கக் கழிவில்தான் வரும். சாயக்கழிவு நொய்யல் ஆற்று வழியே போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணற்றையும் வயலையும் கெடுத்ததில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத உப்புக்குத்தான் பெரும்பங்கு. பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவே வெளியேறக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

அதன்பின் சவ்வால் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓவும் ஆவியாக்கியும் இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. ஆர்ஓ சவ்வைக் குளோரின் அரிக்காமல் காக்க, அதற்கு முன்னால் கரித்தொட்டி வைப்பதுண்டு. பிரித்தெடுத்த உப்பு மறுபடி சாயமேற்றவே போகிறது. என்னைக் கேட்டால், கழிவைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காலம் முடிந்ததுதான் இந்தத் தொழிலில் நடந்த பெரிய மாற்றம்.