அம்மா வேசம்

ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூவரும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். மூவரும் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டவும் கோழி பொரிக்கவும் 'உயர்ந்தவர்கள்'. நள்ளிரவில் வேலை முடிந்து வந்து, எண்ணெய் மணம் போகக் குளித்துவிட்டுப் படம் பார்ப்போம். 2016 குளிர்காலத்தில் எங்களில் ஒருவரின் அம்மா ஸ்பொன்சரில் வந்து சேர, இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறினோம். படம் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒருநாள் 'தளபதி' ஓடியது. கைவிட்ட பிள்ளையை நினைத்து உருகும் ஸ்ரீவித்யாவைப் பார்த்து, வழமைபோல நாங்கள் தொண்டை அடைத்துப் போயிருந்தோம். பின்னால் கதிரையில் இருந்த அம்மா கேட்டார்: "உந்தப் பிள்ளைக்கு ஏன்ரா உவங்கள் நரை பூசி விட்டிருக்கிறாங்கள்? அவள் அவனிலும் பார்க்க இளையவளெல்லோ?"

அம்மா சொன்னது சரி. ஸ்ரீவித்யா பிறந்தது 1953. ரஜினிகாந்த் பிறந்தது 1950. 'தளபதி' வந்த 1991 இல் அவருக்குத் தாயாக வந்த ஸ்ரீவித்யா, 1975 இல் ரஜினியின் முதற் படமான 'அபூர்வ ராகங்க'ளில் அவருக்கு மனைவி. அந்தப் படத்தில் அவரைக் காதலித்தவர் கமல். அப்போது ஸ்ரீவித்யாவுக்கு வயது இருபத்திரண்டு. மகளாக நடித்த ஜெயசுதாவோ அவரைவிட ஐந்து வயதுதான் இளையவர். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தபோது தகப்பன் கமலுக்கு மனைவியும் மகன் கமலுக்குத் தாயும் அவரே. கமலுக்கு மீசை வைக்கலாம், எடுக்கலாம், குள்ளனாகக்கூட நடிக்கலாம். ஸ்ரீவித்யாவுக்குக் கிடைத்தது நரை மாத்திரம்.

சுஜாதாவின் கதையும் இதுதான். காலியில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவரில் ஒரு தனிப் பாசம் உண்டு. 1977 இல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி. 2002 இல் 'பாபா'வில் தாய். இருவரில் ரஜினியே இரண்டு வயது மூத்தவர்.

இது இந்த இருவரோடு தொடங்கியதல்ல. பண்டரிபாய் 1952 இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்குச் சோடி. 1954 இல் 'அந்த நாள்' படத்தில், நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனைச் சுடும் மனைவி. இன்றைக்கும் ஒரு நடிகைக்கு இலகுவில் கிடைக்காத பாத்திரம். பத்தே வருடத்தில், 1964 இல், 'தெய்வத்தா'யில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆர் 1917 இல் பிறந்தவர். பண்டரிபாய் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். 1992 இல் 'மன்ன'னில் ரஜினிக்கும் அவரே அம்மா. ஆக, காதலியாக இருந்த காலத்தைவிட அம்மாவாக இருந்த காலமே பல மடங்கு அதிகம்.

கதாநாயகனுக்கு வயது போவதில்லை என்பது எங்கள் சினிமாவின் முதல் விதி. ஐம்பது வயதுக்காரனுக்குச் சோடி இருபது வயதுப் பெண். அப்படியானால் அவனோடு வளர்ந்த நடிகைகளை எங்கே வைப்பது? தாயின் ஆசனத்தில் வைத்தால் இரண்டு லாபம். ஆசனம் புனிதமானது, எனவே எதிர்ப்பேச்சு வராது. மற்றது, பக்கத்தில் ஒரு நரைத்த தலை இருந்தால் நாயகன் தானாகவே இளைஞன் ஆகிவிடுவான். முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் ஒரு பெண் என்ன செய்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், யாரோடு கோபிக்கிறாள் என்று கேட்க அந்தச் சினிமாவுக்கு அவசியம் இருக்கவில்லை.

இந்த விதிக்கு வெளியே நின்றவர் கே. பி. சுந்தராம்பாள். 1920களில் இலங்கை நாடக மேடையிலும் கொடி கட்டியவர். கணவர் கிட்டப்பா 1933 இல் இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலை உடுத்தார். இனி எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பர். ஆனால் 1935 இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேசத்தில் வந்தார். அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு இலட்சம் ரூபா. 1953 இல் ஜெமினியின் 'ஔவையார்'. அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. படத்தை முழுதாகத் தாங்கியது அவரும் அவர் குரலும்தான். 1964 இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். 1965 இல் 'திருவிளையாட'லில் முருகனோடு வாதாடும் ஔவை. சென்னை மேல்சபையிலும் அங்கத்தவராக இருந்தார்.

ஔவை கதையில் ஒரு விசயம் இருக்கிறது. கலியாணம் பேசி வரும்போது அந்தப் பெண் பிள்ளையாரிடம் கேட்கும் வரம் முதுமை. இளமையை எடுத்துவிடு, நான் ஊர் ஊராய்ப் போகவேண்டும் என்கிறாள். நரை அவளுக்கு விடுதலைப் பத்திரம். சினிமா மற்ற நடிகைகளுக்குப் பூசிய நரையோ அவர்களை வீட்டுக்குள் இருத்தி அழவைத்தது. சுந்தராம்பாளின் வழியை முற்றாகக் கொண்டாடவும் எங்களால் முடியவில்லை. பெண்ணாக இருப்பதைத் துறந்தால்தான் முதியவளாக மதிப்பு என்றால் அது என்ன நியாயம்?

வெள்ளைக்காரரும் இதில் திறமில்லை. சுந்தராம்பாள் பிறந்த அதே 1908 இல் பிறந்தவர் பெற்றி டேவிஸ். இரண்டு ஒஸ்கார் வாங்கிய அவர், 1962 இல் சினிமாப் பத்திரிகையில் வேலை தேடி விளம்பரம் போட்டார். பகிடிக்குத்தான் போட்டேன் என்று பிறகு சொன்னாலும் அது வெறும் பகிடியல்ல. இந்த மொன்றியலிலே 1968 இல் மிஷேல் திரம்பிளேயின் 'பெல் சேர்' நாடகம் மேடையேறியபோது நிலைமை வேறு. ஒரு குசினிக்குள் பதினைந்து பெண்கள், அதில் ஒருத்திக்குத் தொண்ணூற்று மூன்று வயது. ஒருவருக்கும் தெய்வத்தாய் வேசம் இல்லை. களவெடுக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், தூசணமும் பேசுகிறார்கள்.

அப்படிப்பட்ட கிழவியைத் தமிழில் நகைச்சுவைக்குள்தான் ஒளித்து வைத்தார்கள். 1990 இல் 'மைக்கேல் மதன காமராஜ'னில் எஸ். என். லட்சுமியின் களவெடுக்கும் பாட்டியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மனோரமாவும் பகிடி என்ற பின்வாசலால் போய்த்தான் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் எல்லா வயதையும் வாழ்ந்தார். 2003 இல் 'தூ'ளில் வந்த பரவை முனியம்மாவோ வயல் வரப்பிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாடகி. அவருக்கு எவரும் நரை பூச வேண்டியிருக்கவில்லை. 1999 இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியபின், நடுவயதுப் பெண்ணுக்கு ஒரு கதை உண்டென்று ரீவி கண்டுபிடித்தது. அதிலும் கண்ணீர்தான் கூட. 'நாயகன்' நாயகி சரண்யா, 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் காட்டு வேலை செய்யும் முரட்டுத் தாயாக நடித்து, 2010 க்கான சிறந்த நடிகைத் தேசிய விருதைப் பெற்றார். அம்மா வேசத்துக்குத் துணை நடிகை விருது அல்ல, நடிகை விருது. அது வர இத்தனை காலம்.

வன்னியில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனறேற்றர் வைத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த பிள்ளைகள் நாங்கள். அம்மா என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதை அந்த முற்றத்தில்தான் படித்தோம். இங்கே குசினிக்குள் நின்று அம்மாவை நினைத்தபோதெல்லாம் மனதில் வந்தது வாசலில் காத்திருந்து அழுகிற ஒரு வெள்ளைச் சேலைதான். வந்திறங்கியவரோ 2009 ஏப்பிரலில் மாத்தளனால் இரண்டு பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தண்ணிக்குள்ளால் நடந்து, செட்டிகுளம் முகாமில் வரிசைக்குச் சண்டை பிடித்தவர். அவரைக் கதிரையில் இருத்தி, "நீங்கள் சும்மா இருங்கோ அம்மா" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. குளிரில் தனியாக பஸ் ஏறி பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். வருட முடிவில் வகுப்பில் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். அவருக்கு முதலில் கொடுத்தது பாட்டி வேசமாம். மாட்டேன் என்று சொல்லிப் பொலிஸ்காரர் வேசத்தை வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை, கடையில் சனம் கூடின நாள். நாங்கள் ஒருவரும் போகவில்லை. ஒரு ஹெய்ற்றிப் பெண்பிள்ளை ரெலிபோனில் எடுத்த வீடியோவை அன்று இரவு எங்களுக்குக் காட்டினார். தொப்பி காதுவரை இறங்கியிருக்க, விசில் ஊதி, ஒரு கள்ளனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கள்ளன் ஒரு சிரியாக்காரர், ஆறடி உயரம். இரண்டாந்தரம் போட்டுக்காட்டச் சொன்னோம்.

"போங்கோடா, சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டு, தானே இன்னொருக்காப் போட்டுப் பார்த்தார்.