ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஞாயிறுதோறும் நீல மையில் ஒரு சுழி, செவ்வாய்தோறும் சிவப்பில் ஒன்று. நீலம், மீத்தோட்ரெக்ஸேட் விழுங்கியதற்கு. சிவப்பு, போலிக் அமிலத்துக்கு. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருநாள் விடிகாலையில் பால் பாக்கெட்டைக் கிழிக்கப் போனால் விரல் மடங்கவில்லை. இரண்டு கையிலும் ஒரே மாதிரி கணுக்கள் வீங்கி, சூடாக இருந்தன. பத்து மணிக்குத்தான் இறுக்கம் விட்டது. 'வயசு, தேய்மானம்' என்றார்கள். தேய்மானம் வேலை செய்யச் செய்ய வலிக்கும். இது தூங்கி எழுந்தால்தான் பிடித்துக்கொள்கிறது. பாட்டி சரவாங்கி என்பாள். மருத்துவர் முடக்குவாதம் என்று எழுதினார். மருத்துவர்கள் சொல்லும் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற பெயரை 1859இல் வைத்தவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட். யூரிக் அமிலத்தால் வரும் கௌட் நோய் வேறு, இது வேறு என்று பிரித்துக் காட்டியவரும் அவரே.

மருந்துக் கடைக்குப் போகும்போது திருவல்லிக்கேணி பெரிய தெருவில் இந்து மேல்நிலைப் பள்ளியைத் தாண்டுவேன். என் மாத்திரைகளுக்கு வழி வகுத்த ஆய்வாளர், பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கே படித்தவர். மூன்றாம் முறைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே கதராடை உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு ஆகாமல் போய், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். பின்னர் அமெரிக்காவில் லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அடுத்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும். பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, பலன் கண்டதை 1948 ஜூனில் வெளியிட்டார். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. அமினோப்டெரினின் தம்பிதான் என் மீத்தோட்ரெக்ஸேட். என் நீலமும் சிவப்பும் ஒரே ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள்.

சுப்பாராவ் மூட்டுவலியை நினைத்து இதைச் செய்யவில்லை. 1951இல் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவர், அமினோப்டெரின் மூட்டு வீக்கத்தையும் சொரியாசிஸ் என்ற தோல் நோயையும் தணிப்பதை எழுதினார். யார் காதிலும் ஏறவில்லை. காரணம் கார்ட்டிசோன் என்ற ஹார்மோன் மருந்து. 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் அதை ஊசியில் ஏற்ற, படுக்கையில் புரளவும் முடியாமல் கிடந்த பெண் சில நாளில் கடைவீதிக்கு நடந்து போனாள். 1950இல் நோபல் பரிசு. முகம் உப்புவதும் எலும்பு மெலிவதும் பிறகுதான் தெரிந்தன. அதற்குள் கப்னரை மறந்தாயிற்று. தோல் மருத்துவர்கள் மட்டும் மீத்தோட்ரெக்ஸேட்டைக் கைவிடவில்லை. மூட்டுக்கு அது உதவும் என்பதை 1985இல்தான் முறையான ஆய்வுகள் உறுதி செய்தன. 1988இல் அமெரிக்க அரசின் அனுமதி. முப்பத்தேழு வருஷத் தாமதம். அத்தனை வருஷத்தில் கோணிப்போன விரல்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூட்டுக்குள் நடப்பதை என் தொழிலை வைத்தே சொல்கிறேன். மூட்டுச் சவ்வு, ரவிக்கைக்கு வைக்கும் லைனிங் துணிபோல மெல்லியது. நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பையே அந்நியமாக நினைத்து அங்கே கூடுகின்றன. டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து மேலும் ஆளைக் கூப்பிடுகின்றன. சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கிறது, எலும்பும் கரைகிறது. சிறு அளவு மீத்தோட்ரெக்ஸேட் அந்த அழற்சியை அடக்குகிறது. டி.என்.எஃப்.ஐ நேரடியாகத் தடுக்கும் ஊசியை ஃபெல்ட்மனும் மைனியும் 1992இல் லண்டனில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தார்கள். அதன் விலை எனக்குக் கட்டாது.

'பாட்டியிடமிருந்து வந்ததா?' என்று தங்கை கேட்பாள். நோயெதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுவின் சில வகைகள் உருவாக்கும் புரதங்களில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே துண்டு இருப்பதை 1987இல் கிரெகர்சன் குழு சுட்டிக்காட்டியது. அது இருந்தால் வாய்ப்புக் கூடும், அவ்வளவே. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. புகைபிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

வாரம் ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டிய மீத்தோட்ரெக்ஸேட்டைத் தெரியாமல் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் கிழமை எழுதியிருக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது மீத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு, இன்றைக்கே பெரிய எழுத்தில் அட்டையின் மேல் எழுதி வையுங்கள்.