பிலாட்டீஸ் என்றொரு மனிதர்

பேரப்பிள்ளைகள் வாயில் இப்போது அடிபடும் 'பிலாட்டீஸ்' என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியின் மன்ஷென்கிளாட்பாக் ஊரில் பிறந்தவர். சிறுவயதில் நோஞ்சான்; ஆஸ்துமா வேறு. உடம்பைத் தேற்றிக்கொள்ளவே பயிற்சியில் இறங்கினார்.

முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று பிடித்து, பிறகு மேன் தீவின் நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்த முள்வேலி முகாம் அது. தம் பயிற்சி முறை அந்தச் சிறைவாசத்தில் உருப்பெற்றதாகப் பின்னாளில் சொல்லிவந்தார். 1926-இல் நியூயார்க் போய், எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் வைத்தார். நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். முறைக்கு அவர் இட்ட பெயர் 'கான்ட்ராலஜி'. உடம்பை மனம் ஆள்வது என்று பொருள் கொள்ளலாம்.

1967-இல் காலமானார். இன்று வகுப்புகளில் சொல்லும் ஆறு கொள்கைகளான கவனம், கட்டுப்பாடு, உடலின் மையம், துல்லியம், மூச்சு, தடையற்ற ஓட்டம் ஆகியவை அவர் போட்ட பட்டியல் அல்ல. 1980-இல் ஃபிரீட்மேன், ஐசன் என்ற இருவர் எழுதிய நூலில் தொகுத்தவை. ஆனாலும் சரக்கு அவருடையதே. 1945-இல் வந்த தம் நூலிலேயே மூச்சையும் மனக்கவனத்தையும் வற்புறுத்தியிருக்கிறார்.

'பிலாட்டீஸ்' எவருக்கும் உரிய வணிகப் பெயர் அல்ல என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே யாரும் பலகை மாட்டலாம். நம் வயதில் சேர்பவர்கள் பலகையைப் பார்க்க வேண்டாம். பயிற்சியாளர் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறாரா, எண்ணிக்கையை மட்டும் கூட்டச் சொல்கிறாரா என்று பாருங்கள். நாலு தடவை செய்தாலும் நிதானமாக, சரியாகச் செய்வதே அந்த மனிதர் காட்டிய வழி.