வாடகை இடமும் சொந்த இடமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் வாடகை அறையிலேயே தொடர்வதா, சொந்த மனை வாங்குவதா என்று உறுப்பினர்கள் ஆராயும் இவ்வேளையில், வரலாறு கூறும் பாடங்களை இளைஞர்கள் அறிதல் நன்று.

பிறர்க்கு வாடகை என்பது பணத்தைப் பற்றிய செய்தி. நமக்கோ அது மானத்தைப் பற்றியதும் ஆகும். 1917-இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கர், சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள், தடியேந்திய கூட்டம் அவரை வெளியேறச் செய்தது. அயல்நாடுகளில் பயின்ற பேரறிஞருக்கே ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை!

ஆயினும் அவர் கட்டடத்திற்காகக் காத்திருக்கவில்லை. 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அலுவலகம், பம்பாய்ப் பரேலில் பிறர்க்குரிய தாமோதர் மண்டபத்தில் இயங்கியது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் சித்தார்த்தர் கல்லூரியைத் தற்காலிகக் கொட்டகைகளில் தொடங்கினார். ஆனந்த பவன், புத்த பவன் என்னும் சொந்தக் கட்டடங்கள் பின்னரே வந்தன. பணி முன்னது, கட்டடம் பின்னது.

இனி, உரிமை பெற்றால் மட்டும் போதுமா? செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892-இல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் வழங்க ஆணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன் பின்னரும் நம்மவர்க்கே விற்கவேண்டும் என்னும் நிபந்தனை இருந்தும், மிகப் பல நிலங்கள் பிறர் கைக்குச் சென்றன. தாதரில் அண்ணலின் அச்சகம் இயங்கிய அம்பேத்கர் பவன், 2016 ஜூன் 25 அதிகாலையில் இடிக்கப்பட்டது. இடித்தவர் அயலார் அல்லர், அதன் அறக்கட்டளையினரே. பத்திரம் நிலத்தைக் காக்கும். ஒற்றுமையே பத்திரத்தைக் காக்கும்.

நம் ஊர் நிலைமையையும் எண்ணுவோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அறைகளின் வாடகை ஏறிவிடும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானபின், அலுவலகங்களுக்கு இடம் தேடுவோரும் பெருகினர். வாய்மொழி வாக்கை நம்பி அறை பிடித்தால், கேட்டபொழுது காலி செய்ய நேரும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும். நம் சங்கமும் அதைச் செய்தல் கடமை.

சொந்தமாக வாங்கினாலோ விலை மட்டுமன்று. முத்திரைக் கட்டணம், வீட்டுவரி, பழுதுபார்ப்பு ஆகியவும் உண்டு. மாணவர் உதவித்தொகைக்கு வைத்த நிதியிலிருந்து ஒரு செங்கல்லும் வாங்கலாகாது. கட்டட நிதியைத் தனிக் கணக்கில் திரட்டுவோம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரிபார்த்து, முதலில் சிறு மனை வாங்குவோம். பத்திரம் தனியொருவர் பெயரில் அன்றி, சங்கத்தின் பெயரில் அமையட்டும். ஆண்டுதோறும் கணக்கைப் பொதுக்குழுவில் படிப்போம்.

அதுவரை வாடகை அறையில் இருப்பது இழிவன்று. அங்கு விளக்கு எரிந்து பிள்ளைகள் படிக்காதிருப்பதே இழிவு. பொன்விழாவை நம் சொந்த மனையில் கொண்டாட இன்றே உறுதி பூணுவோம்!