கருவிலுள்ள குழந்தையின் எடை மதிப்பீடு

கருவிலுள்ள குழந்தையின் எடை மதிப்பீடு என்பது, பிறக்கப்போகும் குழந்தை எத்தனை கிராம் இருக்கும் என்பதைத் தாயின் வயிற்றை அளந்தோ, ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளை அளந்தோ கணக்கிடும் மகப்பேறு மருத்துவ முறை. ஸ்கேன் அறிக்கையில் இது ‘ஈ.எஃப்.டபிள்யூ.’ என்ற சுருக்கப் பெயரில் இருக்கும். பிரசவம் எப்போது, எந்த மருத்துவமனையில், எந்த வழியில் என்று முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. எடை மிகக் குறைந்த குழந்தையானால் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடம் வேண்டும். மிகப் பெரிய குழந்தையானால் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். எனினும் இது கணித்த எடையே. தராசு காட்டிய எடையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரலாறு

மீயொலி ஸ்கேன் வருவதற்கு முன்பு, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே மதிப்பீட்டுக்கு முக்கிய வழி. தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், குழந்தை எவ்வளவு பெரிது என்பதைக் கைகளால் அறியும் வரிசைமுறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் கிறிஸ்டியான் லியோபோல்ட் ஒழுங்குபடுத்தினார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்தச் சோதனை இன்றும் செவிலியர் படிப்பில் கற்பிக்கப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மருத்துவர் இயான் டொனால்ட், உலோகத்தில் விரிசல் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியை, பொறியாளர் டாம் பிரவுனின் துணையுடன் மனித உடலுக்குப் பொருத்தமாக மாற்றினார். அவர்களது ஆய்வு 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைக் கொண்டு எடையைக் கணிக்கும் முறையை 1975இல் ஸ்டூவர்ட் கேம்ப்பெல்லும் டி. வில்கினும் வெளியிட்டனர். தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரங்களை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹேட்லாக் குழு 1985இல் வெளியிட்டது. உலகெங்கும் பெரும்பாலான ஸ்கேன் இயந்திரங்களில் இன்று இருப்பவை இச்சூத்திரங்களே.

நாடாவால் அளத்தல்

தாய் சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தபின், இடுப்பின் முன்னெலும்பு மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளப்பார்கள். 24 வாரத்துக்குப் பிறகு இந்த உயரம் சென்டிமீட்டரில் ஏறத்தாழ கர்ப்ப வாரத்துக்குச் சமமாக இருக்கும். 1954இல் வந்த ஜான்சன் சூத்திரத்தின் பரவலான வடிவில், உயரத்திலிருந்து 12ஐக் கழித்து 155ஆல் பெருக்க வேண்டும். தலை இடுப்புக்குள் நன்றாக இறங்கியிருந்தால் 11ஐக் கழிக்க வேண்டும். இன்னொரு எளிய வழி, உச்சியின் உயரத்தைத் தாயின் வயிற்றுச் சுற்றளவால் பெருக்குவது. நைஜீரியாவிலிருந்து 1990இல் வெளியான ஆய்வு ஒன்றால் இது பரவலாக அறியப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு: நிறைமாதத் தாய் ஒருவருக்கு உச்சியின் உயரம் 33 செ.மீ., வயிற்றுச் சுற்றளவு 95 செ.மீ., தலை இன்னும் இறங்கவில்லை. முதல் வழியில் (33−12)×155 = 3,255 கிராம். இரண்டாவது வழியில் 33×95 = 3,135 கிராம். மின்சாரமும் இயந்திரமும் இல்லாத இடத்திலும் ஒரு நாடாவைக் கொண்டு இதைச் செய்துவிடலாம். தாயின் உடல் பருமன், பனிக்குடநீரின் அளவு, இரட்டைக் கரு ஆகியவை இந்தக் கணக்கைப் பிசகச் செய்யும்.

ஸ்கேனில் அளத்தல்

ஸ்கேனில் நான்கு அளவுகள் எடுக்கப்படுகின்றன: தலையின் குறுக்களவு (பி.பி.டி.), தலைச் சுற்றளவு (எச்.சி.), வயிற்றுச் சுற்றளவு (ஏ.சி.), தொடை எலும்பின் நீளம் (எஃப்.எல்.). இவற்றில் வயிற்றுச் சுற்றளவே எடையை அதிகம் தீர்மானிக்கிறது. கல்லீரலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும் அந்த அளவில் அடங்கியிருப்பதே காரணம். ஊட்டம் குறைந்தால் முதலில் சுருங்குவதும், தாய்க்குச் சர்க்கரை கூடினால் முதலில் பெருப்பதும் வயிறுதான்.

ஆனால் சரியாக அளக்கக் கடினமானதும் அதுவே. திரையில் குழந்தையின் வயிறு வட்டமாகத் தெரிய வேண்டும். இரைப்பை கரிய குமிழாகவும், கல்லீரலுக்குள் வளைந்து செல்லும் தொப்புள் சிரையின் ஒரு பகுதியும், முதுகெலும்பின் குறுக்குவெட்டும் ஒரே படத்தில் அமைய வேண்டும். சிறுநீரகங்கள் தெரியக் கூடாது. ஸ்கேன் முனை சற்றே சாய்ந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகி அளவு மாறிவிடும்.

மேற்கண்ட அதே தாய்க்கு ஸ்கேனில் தலைக் குறுக்களவு 9.2, தலைச் சுற்றளவு 33, வயிற்றுச் சுற்றளவு 33.5, தொடை எலும்பு 7.1 செ.மீ. என்று கொள்வோம். ஹேட்லாக்கின் நான்கு அளவுச் சூத்திரப்படி எடை ஏறத்தாழ 3,137 கிராம். வயிற்றுச் சுற்றளவில் மட்டும் 1 செ.மீ. கூட்டி 34.5 என்று அளந்துவிட்டால் அதே குழந்தை 3,289 கிராம் ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டர் பிசகுக்கு 150 கிராம்!

துல்லியம்

ஸ்கேன் கணிப்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மை எடையிலிருந்து 10 முதல் 15 சதவீதத்துக்குள் அமைகிறது. ஆகவே 3,137 என்று அச்சிடப்பட்ட எண்ணை ‘2,670 முதல் 3,600 கிராமுக்குள்’ என்று வாசிப்பதே முறை. மிகச் சிறிய குழந்தைகளுக்கும் மிகப் பெரிய குழந்தைகளுக்கும் பிழை பொதுவாகக் கூடும். தலை ஆழமாக இறங்கியிருத்தல், பனிக்குடநீர் குறைவு, தாயின் பருமன், குழந்தை கிடக்கும் விதம், அளப்பவரின் பயிற்சி ஆகிய அனைத்தும் முடிவைப் பாதிக்கும். காந்த அலை ஸ்கேனில் பிழை குறைவு; செலவும் நேரமும் அதிகம் என்பதால் அது வழக்கத்தில் இல்லை.

நிறைமாதத்தில் நடுத்தர எடையுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, அனுபவமுள்ள கையின் மதிப்பீடு ஸ்கேனுக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்பே பிள்ளை பெற்ற தாய், “போன பிள்ளையைவிட இது பெரிசா இருக்கு” என்று சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு. தாய்மார்கள் தாமே சொன்ன மதிப்பீடுகள் மருத்துவரின் கணிப்புக்கு நிகராக இருந்ததையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

பிரசவத் திட்டமிடலில் பயன்பாடு

பெரிய குழந்தை: பிறப்பு எடை 4,000 அல்லது 4,500 கிராமுக்கு மேற்பட்டால் ‘மேக்ரோசோமியா’ எனப்படும். தலை வெளிவந்தபின் தோள் சிக்குவது இதில் அஞ்சப்படும் சிக்கல். கைக்குச் செல்லும் நரம்புகள் அதனால் பாதிக்கப்படலாம். ஆனால் தோள் சிக்கும் பிரசவங்களில் ஏறத்தாழ பாதி, 4 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கே நிகழ்கின்றன. சர்க்கரை நோயில்லாத தாய்மாரிடம் 4,500 கிராம் கணிப்பை எல்லையாக வைத்து சிசேரியன் செய்தால், நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒன்றைத் தடுக்க 3,695 சிசேரியன்கள் தேவைப்படும் என்று 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அந்த எண்ணிக்கை 443. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, கணிப்பு 5,000 கிராமைத் தொட்டால் திட்டமிட்ட சிசேரியனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் 4,500 கிராம்.

சிறிய குழந்தை: கணித்த எடை அந்த வாரத்துக்குரிய 10ஆவது பெர்சென்டைலுக்குக் கீழே இருந்தால், அதாவது நூறு குழந்தைகளை எடைப்படி வரிசைப்படுத்தினால் கடைசிப் பத்துக்குள் வந்தால், கூடுதல் கவனிப்பு தேவை. இயல்பிலேயே சிறிய குழந்தையா, நஞ்சுக்கொடி சரியாக ஊட்டம் தராததால் வளர்ச்சி குன்றிய குழந்தையா என்பதைத் தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும், அடுத்தடுத்த அளவுகளும் பிரித்துக் காட்டும். இரண்டு அளவுகளுக்கு இடையே குறைந்தது 2 வாரம் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் வளர்ச்சியைவிட அளவுப் பிழையே பெரிதாகத் தெரியும். எடை மதிப்பீட்டின் மிகப் பெரிய பயன் இந்தக் குழந்தைகளைத் தக்க நேரத்தில் கண்டறிவதே.

பிற நிலைகள்: தலைக்குப் பதில் பிருஷ்டம் கீழே இருக்கும்போது, 3.8 கிலோவுக்கு மேற்பட்ட கணிப்பை இயல்பான பிரசவத்துக்குச் சாதகமற்றதாக பிரிட்டிஷ் வழிகாட்டுதல் கருதுகிறது. இரட்டையரில் ஒன்று 2,400, மற்றொன்று 1,800 கிராம் என்றால் வேறுபாடு 25 சதவீதம். அத்தகைய கர்ப்பத்தை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும்.

இந்தியச் சூழல்

2,500 கிராமுக்குக் குறைவான பிறப்பு எடையை உலக சுகாதார நிறுவனம் எடைக்குறைவு என வரையறுக்கிறது. இந்தியாவில் பெரிய குழந்தையைவிட எடைக்குறைவே பரவலான சிக்கல். புனேயில் நடந்த ஆய்வில் குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் அது 3.5 கிலோ. எனவே எந்த அட்டவணையுடன் ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். நாக்பூர் உட்பட 8 நாடுகளின் நகரங்களில் நடந்த ‘இன்டர்குரோத்-21’ ஆய்வின் வளர்ச்சி அட்டவணைகள் 2014 முதல் வெளிவந்தன.

தாயின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதைத் தடுக்கும் நேரான வழி. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அது 140 மி.கி.யைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை எனக் கொள்ளும் எளிய சோதனையைச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா நாடெங்கும் பரப்பினார். அவரது பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எடையைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. தாய் தயங்காமல் கேட்டு அறியலாம்.

தாய்மார் கவனத்துக்கு

சுகப்பிரசவம் ஆகுமா என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று. இடுப்பின் அமைப்பு, தலை திரும்பியிருக்கும் விதம், வலியின் வேகம் ஆகியவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ‘பெரிய குழந்தை’ என்று ஸ்கேன் சொன்னதாலேயே, பிறந்த எடை சாதாரணமாக இருந்தும் சிசேரியன் கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த எண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம்? போன ஸ்கேனிலிருந்து வளர்ச்சி சீராக இருக்கிறதா? எடையைத் தவிர வேறு காரணம் ஏதும் உண்டா? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களைச் சேர்த்துப் பார்த்தே பிரசவத்தைத் திட்டமிட வேண்டும்.